ஆங்கிலம் படிக்கும் பெரியவர்களுக்குக் கணினியில் ரெஸ்யூமே: ரொறன்ரோவில் வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்கு

ஸ்காபரோவில் ஒரு சமூக நிலையத்தில் நான் எடுத்த முதல் ரெஸ்யூமே வகுப்பில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கடைசி நாளன்று பன்னிரண்டு பேருடைய கையிலும் வடிவான ரெஸ்யூமே. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அவர்களில் ஓர் அக்கா அழைத்தார். "ரீச்சர், என்ர போன் நம்பர் மாறிப்போச்சு. ரெஸ்யூமேயில மாத்தித் தாறீங்களா?"

நீங்களே மாற்றலாமே அக்கா என்றேன். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. மின்னஞ்சலின் கடவுச்சொல் என் கொப்பியில் இருந்தது. யோசித்துப் பார்த்தால், பன்னிரண்டு ரெஸ்யூமேயையும் தட்டச்சு செய்தது நான்தான். அவர்கள் பக்கத்தில் இருந்து தலையாட்டினார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வகுப்பின் குறிக்கோளையே மாற்றிவிட்டேன். ரெஸ்யூமே வடிவாக இருப்பது இரண்டாவது. படிப்பவர் அதைத் தானே திறந்து, ஒரு வரியை மாற்றி, தானே அனுப்பத் தெரிந்திருப்பதுதான் முதலாவது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான். இரண்டு மணி நேர வகுப்புகள் பத்து, மொத்தம் இருபது மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறேன். ஆங்கிலம் சிஎல்பி (கனடிய மொழித் தர அளவுகோல்) 3, 4 அளவில் இருப்பவர்களுக்கு இது போதும். அதற்குக் கீழே என்றால் இன்னும் நாலு வகுப்பு சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. யார் வருகிறார்கள் என்று பாருங்கள்

ஆங்கிலமும் கணினியும் ஒரே அளவில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஊரில் பதினைந்து வருடம் கணக்காளராக இருந்த ஐயா ஒருவர் எக்செல்லில் பறப்பார், ஆனால் ஆங்கிலத்தில் வாய் திறக்க மாட்டார். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒன்று போனில் எல்லாம் செய்வாள், மவுஸைப் பிடிக்கத் தெரியாது. ஆகவே முதல் வகுப்பில் தலைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி ஐந்து வேலை கொடுங்கள்: கணினியைப் போடுவது, உலாவியைத் திறப்பது, பெரிய எழுத்தில் தொடங்கித் தன் பெயரைத் தட்டச்சு செய்வது, ஒரு மின்னஞ்சல் முகவரியைப் பார்த்துத் தட்டச்சு செய்வது, சேமிப்பது. பெயருக்கு நேரே சரி அல்லது பிழை என்று குறித்துக்கொண்டால் போதும். யாரை யாருக்குப் பக்கத்தில் இருத்துவது என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.

அப்போதே ஒரு கேள்வியும் கேட்டுவிடுங்கள்: ஆங்கில வகுப்புக்குப் போகிறார்களா? நடுவண் அரசின் பணத்தில், புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க நடக்கும் லின்க் வகுப்புகளில் நிரந்தர வதிவுரிமை உள்ளவர்களும் பாதுகாக்கப்பட்டவர்களாக ஏற்கப்பட்ட அகதிகளும் இலவசமாகப் படிக்கலாம். குடியுரிமை எடுத்தவர்களுக்கு லின்க் கிடையாது. வந்து இருபது வருடமாகிக் கனடியராகிவிட்ட அம்மாக்கள் நிறையப் பேர் இது தெரியாமல் வரிசையில் நின்று திரும்பி வருகிறார்கள். அவர்களையும், அகதிக் கோரிக்கை முடிவுக்குக் காத்திருப்பவர்களையும், மாகாணப் பணத்தில் பள்ளிச் சபைகள் நடத்தும் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்புகளுக்கு அனுப்புங்கள்.

2. இடம், கணினி, செலவு

இடத்துக்குக் காசு வாங்குவார்களா என்று முதலில் கேளுங்கள். நூலகக் கிளைகள், சமூக நிலையங்கள், கோயில் மண்டபங்கள் எல்லாவற்றிலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒரு மாதம் முன்பே கேளுங்கள். சனிக்கிழமை காலை எல்லோருக்கும் வேண்டிய நேரம், முதலில் போய்விடும். நீங்கள் தொண்டராகப் போகும் இடம் காவல்துறைப் பின்னணிச் சான்று கேட்டால் அதற்கும் வாரக்கணக்கில் ஆகலாம். இடம் கேட்கும் நாளிலேயே அதற்கும் விண்ணப்பியுங்கள்.

படிப்பவர்கள் ஒவ்வொருவரும் ரொறன்ரோ பொது நூலக அட்டை எடுக்க வேண்டும். நகரில் வசிப்பவர்களுக்கு அது இலவசம். வீட்டில் கணினி இல்லாதவர்கள் பழக வேறு வழியில்லை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பொதுக் கணினிகளில் நேரம் முடிந்தால் திரை தானாக மூடிவிடும். அந்தக் கணினியில் சேமித்து வைத்தது எதுவும் பிறகு இருக்காது. ஒரு அண்ணை இரண்டு மணி நேரம் தட்டியதெல்லாம் இப்படிப் போய், அடுத்த கிழமை வகுப்புக்கே வரவில்லை. இணையத்தில் சேமிக்கப் பழக்கும் வரை யாரையும் தனியாக நூலகத்துக்கு அனுப்பாதீர்கள்.

உங்கள் கைக்காசு எதற்குப் போகும் என்றால்: மடிக்கணினிகளுக்குத் தனி மவுஸ் (விரலால் தடவும் பலகையில் பெரியவர்களைப் பழக்கவே முடியாது, முயன்று பார்த்துவிட்டேன்), அச்சடிக்கும் செலவு, ஆளுக்கொரு மெல்லிய கொப்பி. இந்தக் கொப்பியில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், பின்னால் வரும்.

3. கணினிச் சோதனை போக, முதல் இரண்டு வகுப்பும் காகிதத்தில்தான்

கணினி வகுப்பு என்று வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. என்ன எழுதப்போகிறோம் என்று தெரியாமல் திரைக்கு முன் இருத்தினால் மூன்று பாரம் ஒரேயடியாகத் தலையில் ஏறும்: என்ன சொல்வது, ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது, அந்த எழுத்து கீபோர்டில் எங்கே இருக்கிறது. முதல் இரண்டையும் காகிதத்தில் இறக்கி வைத்துவிட்டுத்தான் மூன்றாவதைத் தூக்க வேண்டும்.

கொண்டுவரச் சொல்ல வேண்டியவை: வேலை செய்த இடங்களின் பெயரும் ஊரும், தொடங்கிய விட்ட வருடங்கள், படிப்புச் சான்றிதழ்கள், இங்கே எடுத்த சிறு சான்றிதழ்கள் (உணவு கையாளும் சான்றிதழ், முதலுதவி, ஃபோர்க்லிஃப்ட், வேலையிடத்து ஆபத்தான பொருட்கள் பற்றிய டபிள்யூஎச்எம்ஐஎஸ்), இப்போதைய முகவரி, சொந்தத் தொலைபேசி எண். கொண்டுவர வேண்டாம் என்று அழுத்திச் சொல்ல வேண்டியவை: சின் இலக்கம் (வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் எண்) உள்ள தாள், கடவுச்சீட்டு, நிரந்தர வதிவு அட்டை. சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து மேசையில் பரப்புவார்கள். ரெஸ்யூமேக்கு அவற்றில் ஒன்றும் தேவையில்லை.

வருடங்கள்தான் பெரிய இழுபறி. "ஞாபகமில்லை ரீச்சர்" என்பார்கள். நேரே வருடத்தைக் கேட்டால் வராது. எங்கள் ஆட்களிடம் "சுனாமிக்கு முன்னமா, பின்னமா?" என்று கேளுங்கள். "மூத்தவள் எத்தனையாம் வகுப்பு அப்ப?" என்று கேளுங்கள். சட்டென்று வந்துவிடும். ஆப்கானியர், எரித்திரியர், சீனர் என்று கலந்த வகுப்பானால் பிள்ளைகளின் வயதை வைத்துக் கேட்பது எல்லோருக்கும் சரிவரும். மாதம் தெரியாவிட்டால் விடுங்கள், வருடம் மட்டும் போட்டால் போதும்.

அடுத்த சிக்கல், "நான் ஒண்டும் செய்யேல்ல, வீட்டிலதான் இருந்தனான்." இதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டு வெறுந்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் நேரத்தில் கதை கொடுத்தபோது தெரிந்தது, நாலு வருடமாக வெள்ளிக்கிழமைகளில் கோயில் மடைப்பள்ளியில் நூறு பேருக்குச் சமைக்கிறார். அளவு பார்த்துச் சாமான் வாங்குவதும் அவர்தான். இங்கே தொண்டு வேலைக்கு ரெஸ்யூமேயில் தனி மதிப்பு உண்டு. தன் பக்கத்தில் அது அச்சில் வந்ததைப் பார்த்து அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வாக்கியத்துக்கு வருவோம். ஒரு வேலைக்கு மூன்று வரி. ஒவ்வொரு வரியும் ஒரு வினைச்சொல்லில் தொடங்க வேண்டும்: சமைத்தேன், பொதி செய்தேன், எண்ணினேன், தூக்கினேன், துப்புரவாக்கினேன், ஓட்டினேன், உதவினேன், பரிமாறினேன். இந்த எட்டின் ஆங்கில இறந்தகாலத்தைப் பலகையில் எழுதிப் போடுங்கள். விட்ட வேலைக்கு இறந்தகாலம், செய்துகொண்டிருக்கும் வேலைக்கு நிகழ்காலம். இலக்கண வகுப்பில் மாதக்கணக்காக ஏறாதது இங்கே அரை மணி நேரத்தில் ஏறும். ஏனென்றால் சொல்வது தன் கதை.

ஒரு விதி மட்டும் கண்டிப்பாக: வாயால் வாசிக்க முடியாத சொல் தாளில் இருக்கக் கூடாது. இப்போது மகனோ மருமகளோ செயற்கை நுண்ணறிவில் கொடுத்து அரை நிமிடத்தில் ரெஸ்யூமே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். படிக்கக் கம்பீரமாக இருக்கும். நேர்காணலில் ஒரு சொல்லைக் காட்டி இது என்ன என்று கேட்டால் ஆள் விழிப்பார். அந்தப் பிரதியைக் கொண்டுவந்தால் திட்டாதீர்கள். வரிவரியாக வாசிக்கச் சொல்லுங்கள். தட்டுப்படும் இடத்தைப் பென்சிலால் வெட்டச் சொல்லுங்கள். மிஞ்சுவது நல்ல ரெஸ்யூமேயாக இருக்கும்.

4. மவுஸும் கீபோர்டும் (மூன்றாம், நாலாம் வகுப்பு)

பத்து விரல் தட்டச்சு வேண்டாம். இரண்டு விரல் போதும். கற்றுக்கொடுக்க வேண்டிய விசைகள் சில: ஷிஃப்ட், என்டர், பேக்ஸ்பேஸ், இடைவெளி, அட் குறி. இவற்றோடு கன்ட்ரோலும் இசட்டும் சேர்ந்தது. இந்தக் கடைசியை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். எதையோ தொட்டு எல்லாம் மறைந்தால் அது திருப்பிக் கொண்டுவரும். அது தெரிந்த பிறகுதான் பயமில்லாமல் தொடுகிறார்கள். மவுஸை இழுத்துப் பழக சீட்டுக்கட்டு சொலிட்டேர் விளையாட விடுங்கள், பதினைந்து நிமிடம்.

கனடாவுக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. தட்டிக்கொண்டிருக்கும்போது விரல் தவறிப் பட்டு கீபோர்ட் பிரெஞ்சுக்கு மாறிவிடும். கேள்விக்குறி விசையைத் தட்டினால் தலையில் கோடு போட்ட ஈ என்ற ஆங்கில எழுத்து வரும், அட் குறி இருந்த இடத்தில் வேறு ஏதோ வரும். கணினி பழுதாகிவிட்டது என்று கையை எடுத்துவிடுவார்கள். முதல் முறை நானும் அப்படித்தான் நினைத்து வேறு கணினியில் இருத்தினேன். விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு இடைவெளி விசையைத் தட்டினால் ஆங்கிலம் திரும்பி வரும். இதைக் கொப்பியில் படம் போட்டு எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சிவப்புக் கோடு. தன் பெயரைத் தட்டச்சு செய்ததும் கீழே சிவப்பு நெளிகோடு விழும். வகுப்பில் அதுவரை சிவப்பு என்றால் பிழை. ஓர் அண்ணை அந்தக் கோடு போகும் வரை தன் பெயரில் ஒவ்வோர் எழுத்தாக மாற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் யாரோ ஒருவருடைய பெயர் ஆகிவிட்டது. பெயருக்கும் ஊருக்கும் விழும் சிவப்பைக் கண்டுகொள்ள வேண்டாம், மற்றதற்கு விழுந்தால் பாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெயர் என்றதும் நம்மவர்களுக்கு இன்னொரு குழப்பம். தகப்பன் பெயர் முன்னால் வருவதா, பின்னால் வருவதா, எது குடும்பப் பெயர்? வதிவு அட்டையில் எப்படி இருக்கிறதோ அதே ஒழுங்கில், அதே எழுத்துகளில் ரெஸ்யூமேயிலும் மின்னஞ்சலிலும் போடச் சொல்லுங்கள். பிறகு சம்பளக் காசோலை வரும்போது தலையிடி இல்லை.

5. மின்னஞ்சல் (மூன்றாம் வகுப்பிலிருந்தே, வகுப்புக்கு நாலு பேராக)

பன்னிரண்டு பேரையும் ஒரே நாளில் கணக்குத் திறக்க வைக்கலாம் என்று போனால் அந்த நாளே போய்விடும். ஒரே தொலைபேசி எண்ணை வைத்து ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கவும் முடியாது, கொஞ்சம் போனதும் இந்த எண் வேண்டாம் என்று சொல்லிவிடும். ஆளாளுக்குச் சொந்தப் போன், அதில் வரும் குறியீட்டு எண், வகுப்புக்கு நாலு பேர். மூன்று வகுப்பில் முடியும். மற்றவர்கள் அந்த நேரம் தட்டிப் பழகட்டும்.

முகவரி பெயரோடு ஒட்டி இருக்க வேண்டும். பிறந்த வருடம் வேண்டாம், வயதைக் காட்டிக் கொடுக்கும். மகனுடைய மின்னஞ்சல் போதாதா என்று கேட்பார்கள். போதாது. வேலைக்கு வரச்சொல்லி வந்த கடிதத்தை மகன் நாலு நாள் கழித்துப் பார்த்த கதை என் வகுப்பிலேயே உண்டு.

கடவுச்சொல்லை அவரவர் கையால், அவரவர் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுத வேண்டும். பாதுகாப்பு வல்லுநர்கள் இதைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். மறந்துபோய்க் கணக்கையே இழப்பதைவிட வீட்டு அலுமாரியில் ஒரு கொப்பி இருப்பது மேல். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று தெரியும்படி எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். உங்கள் கொப்பியில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

புதிதாக வந்தவர்கள் மலிவான திட்டம் தேடிப் போன் எண்ணை அடிக்கடி மாற்றுவார்கள். பழைய எண் போனால் அந்த எண்ணுக்கு வரும் குறியீடும் போய்விடும். எண்ணை மாற்றுமுன் கணக்கில் புது எண்ணைச் சேர்க்க வேண்டும் என்பதையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

6. தட்டச்சு (ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை)

கூகுள் டாக்ஸோ, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வேர்டோ, ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். ஜிமெயில் திறந்தவர்களுக்கு டாக்ஸ் வசதி. தட்டத் தட்டத் தானாகச் சேமித்துக்கொள்ளும்.

ஆயத்த வார்ப்புருக்கள் பக்கமே போகாதீர்கள். இரண்டு பத்தி, வண்ணப் பட்டை, படம் வைக்க வட்டம் என்று கண்ணைப் பறிக்கும். ஒரு வரி கூட்டினால் எல்லாம் கலைந்துவிடும், திரும்பச் சரிசெய்ய அவர்களால் முடியாது. வெறும் பக்கம், ஒரே எழுத்துரு, 11 புள்ளி அளவு, தலைப்புகள் தடிப்பாக. தாள் அளவு லெட்டர், அதாவது எட்டரைக்குப் பதினொரு அங்குலம். ஊர்ப் பழக்கத்தில் ஏஃபோர் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

மேலே பெயர், தொலைபேசி, மின்னஞ்சல், நகரம். பிறகு திறமைகள், வேலை அனுபவம், தொண்டு, படிப்பு. ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு.

ஊரில் நாம் எழுதிய சுயவிபரக்கோவையை மறக்கடிப்பதுதான் இந்த மூன்று வகுப்பிலும் கடினமான வேலை. பிறந்த தேதி, மதம், திருமணமானவரா, தேசிய அடையாள அட்டை இலக்கம், புகைப்படம், கடைசியில் மேற்கூறியவை உண்மை என்று ஒரு கையெழுத்து. இங்கே இவை ஒன்றும் வேண்டாம். வயது, மதம், குடும்ப நிலை ஆகியவற்றை வைத்து வேலைக்கு ஆள் எடுப்பதை ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டம் தடுக்கிறது. கேட்கக் கூடாததை நாமே எழுதிக் கொடுப்பானேன்? சின் இலக்கம் வேலை கிடைத்த பிறகு கொடுப்பது. ரெஸ்யூமேயில் ஒருபோதும் இல்லை. உங்களைத் தெரிந்து சொல்லக்கூடிய இரண்டு மூன்று பேரின் பெயர்களைத் தனித் தாளில் வைத்துக்கொண்டு, கேட்டால் மட்டும் கொடுக்க வேண்டும், அதுவும் அவர்களிடம் முதலில் கேட்டுவிட்டு.

கனடிய அனுபவம் இல்லையே என்று சோர்ந்துபோகிறவர்களிடம் சொல்லுங்கள்: 2026 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் பொது விளம்பரத்தில் கனடிய அனுபவம் வேண்டும் என்று போடக் கூடாது. ஊர் வேலையை வெட்கப்படாமல் எழுதலாம்.

தட்டும்போது நீங்கள் கவனிக்க வேண்டியது இடைவெளி விசை. வருடத்தை வலப்பக்கம் தள்ள இருபது முப்பது தடவை தட்டுவார்கள். அந்தத் திரையில் நேராக நிற்கும், போனில் திறந்தால் சிதறிக் கிடக்கும். வருடத்தை அடுத்த வரியில் போடச் சொல்லிவிடுங்கள், தொல்லை விட்டது.

உங்கள் கையைக் கீபோர்டில் வைக்காதீர்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பேன். வரிக்கு ஐந்து நிமிடம் எடுத்தாலும் எடுக்கட்டும்.

7. பிடிஎஃப், இணைப்பு, அனுப்புதல் (ஒன்பதாம் வகுப்பு)

கோப்புக்குப் பெயர் வைப்பது: ஆளின் பெயரும் ரெஸ்யூமே என்ற சொல்லும். பெயர் வைக்காமல் விட்டால் பன்னிரண்டு பேருக்கும் ஒரே தலைப்பு. மாற்றுவதற்கு மூலக்கோப்பு, அனுப்புவதற்கு பிடிஎஃப். இந்த வித்தியாசம் ஒரு தடவை சொன்னால் ஏறாது. சமையல் உதாரணம் எனக்கு உதவியது: மா கையில் இருக்கும் வரை உப்புப் போடலாம், சுட்ட தோசையில் போட முடியாது.

முதலில் உங்களுக்கே அனுப்பச் சொல்லுங்கள். பாதிப் பேர் இணைப்பு வைக்க மறப்பார்கள், பாதிப் பேர் கடிதத்தையே தலைப்பு வரியில் எழுதுவார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் போடுங்கள். பதிலைத் திறந்து வாசிப்பதும் பாடம்தான்.

வேலை தேட நடுவண் அரசின் ஜொப் பாங்க் தளத்தைக் காட்டுங்கள், இலவசம். கூடவே எச்சரிக்கை: வேலை தருமுன் காசு கேட்டாலோ, ஆளைப் பார்க்காமலே சின் இலக்கமும் வங்கி விபரமும் கேட்டாலோ அது மோசடி. அப்புறம், அவரவர் போனின் குரலஞ்சல் பெட்டி திறந்திருக்கிறதா என்று அந்த இடத்திலேயே அழைத்துப் பாருங்கள். ரெஸ்யூமே போய்ச் சேர்ந்து, அவர்கள் அழைத்து, பெட்டி நிரம்பிவிட்டது என்ற குரலைக் கேட்டு வைத்துவிடுவார்கள்.

8. பத்தாவது வகுப்பு

எல்லோரையும் கணினி மாற்றி இருத்துங்கள். ஆளுக்கொரு துண்டுத்தாள்: உன் தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கத்தை மாற்று, பிடிஎஃப் ஆக்கு, எனக்கு அனுப்பு, கணக்கிலிருந்து வெளியேறு. கொப்பியைப் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம், ரீச்சரைக் கேட்கக் கூடாது. நாற்பது நிமிடம் கொடுங்கள். வெளியேறாமல் எழும்புகிறவரைத் திரும்ப இருத்துங்கள். பொதுக் கணினியில் அடுத்து வருபவர் அவருடைய கடிதங்களையெல்லாம் வாசித்துவிடுவார்.

முடிந்ததும் எண்ணைத் திரும்பச் சரியாக மாற்ற வைக்க மறக்காதீர்கள். போன தடவை நான் மறந்துவிட்டேன். மூன்று பேர் பிழையான எண்ணோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அன்றிரவு ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னேன், இரண்டு பேர் போனிலேயே மாற்றிக் காட்டினார்கள். மூன்றாமவர் மறுநாள் நூலகத்துக்குப் போய் மாற்றிவிட்டு எனக்கு மின்னஞ்சல் போட்டிருந்தார், இணைப்போடு.